கைதட்டலுக்கு எழுந்து நின்றவர்

— முடியாதுன்னா முடியாதாம். அறக்கட்டளையில இருக்கற ரோசலின் மூணு தடவை சொல்லிட்டா.

— அப்ப நீ மூணு தடவை கேட்டிருக்கே, டெல்வின். முதல் தடவையே போனை வச்சிருக்கலாம்.

— சனிக்கிழமைன்னு பார்க்காம போனை எடுத்தாளே, அந்த மட்டுக்கும் நல்லவ. ஆனா கேட்டுக்கோ ஆர்லிஸ், நாம ஆரம்பிச்ச நிதி, நாம போட்ட காசு. அதுலேர்ந்து தீயணைப்புப் படைக்கு ஒரு மூவாயிரம் டாலர் குடுன்னா அதுக்கு இத்தனை சட்டமா?

— நம்ம காசு இல்ல. அறக்கட்டளைக்கு எழுதிக் குடுத்த அன்னிக்கே அது நம்ம கையை விட்டுப் போச்சு. அவ எவ்வளவு பொறுமையா விளக்கினா! நீதான் ஜன்னலுக்கு வெளிய எவனோ நிறுத்தின டிராக்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தே.

— எல்லாம் காதுல விழுந்துச்சு. காசு அவங்களுது. யாருக்குக் குடுக்கலாம்னு யோசனை சொல்ற வாய் மட்டும் என்னுது.

— அந்த வாயாலதானே நேத்து ராத்திரி படைக்கு நிதி திரட்டற விருந்துல கேக்கை ஏலம் எடுத்தே.

— ஏலம் எடுத்தா என்ன? காசு படைக்குத்தானே போகுது?

— காசு படைக்குப் போகுது. கேக்கு உன் கைக்கு வருதே! பதிலுக்கு ஒரு துரும்பை வாங்கினாக் கூட நிதியிலேர்ந்து குடுக்கக் கூடாது. ரோசலின் அதைத்தானே சொல்லியிருப்பா?

— அதைத்தான் சொன்னா. சரி, கேக்கைத் தொடவே இல்லைன்னா, அப்படியே திருப்பிக் குடுத்துட்டா என்னன்னு கேட்டேன்.

— நான் காலையிலேயே ஒரு துண்டு தின்னாச்சு.

— ஆர்லிஸ்!

— மூவாயிரம் டாலர் கேக்கு எப்படித்தான் இருக்கும்னு பார்க்க வேண்டாமா? சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே சுட்டிருக்கா. அந்த ருபார்ப் தண்டோட புளிப்பு இன்னும் நாக்குல நிக்குது.

— சுட்டிருக்காளா? யாரு?

— அட கடவுளே. அது கூடத் தெரியாமலா கையைத் தூக்கினே? நோர்மா. உன் பரம விரோதி ஹார்லனோட பொண்டாட்டி.

— என்னது!

— ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது. ஹார்லன் தன் பொண்டாட்டி சுட்ட கேக்குக்குத் தானே விலை கேக்கறான். நீ விடாம அவனுக்கு மேல ஏத்திக்கிட்டே போறே. ஏலம் போட்டவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. நடுவுல ஒரு தடவை தொப்பியைக் கழட்டி விசிறிக்கிட்டார்.

— நான் கேக்கைப் பார்த்தா கையைத் தூக்கினேன்? அவன் மூஞ்சியைப் பார்த்துல்ல தூக்கினேன்.

— தெரியும். காப்பி ஆறுது, குடி.

— நீயும்தானே பக்கத்துல உக்காந்து பார்த்தே. மேடையில நின்னு அந்தப் பாதிரியார் என்ன சொன்னார்? "புதுத் தீயணைப்பு வண்டிக்குக் காசு குடுத்த நல்ல மனசு யாருதுன்னு நமக்குத் தெரியாது. ஆனா தெரியும்." சொல்லிட்டு ஹார்லன் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டறார். முன்னூறு பேர் கை தட்டறாங்க. அவன் என்ன பண்ணினான்?

— எழுந்து நின்னான்.

— எழுந்து நின்னான்! போன மாசம் தீவனக் கடையில வச்சு எங்கிட்டயே "நான் இல்லப்பா, ஊர் என்னமோ உளறுது"ன்னு சொன்னவன். நேத்து எழுந்து நின்னு தலையைக் குனிஞ்சு கும்பிடு போட்டுட்டு உக்கார்றான். ஆர்லிஸ், அது நம்ம வண்டி.

— மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.

— நம்ம ஓடைக்கரை நாப்பது ஏக்கர் அது. நாப்பது வருஷம் மாட்டுச் சாணியை வண்டி வண்டியாக் கொட்டி நான் கறுப்பாக்கின மண்ணு. வித்துட்டுக் காசாக் குடுத்திருந்தா வரிக்காரன் ஒரு கடி கடிச்சிருப்பான். நிலமாவே தூக்கிக் குடுத்தோம். அறக்கட்டளை ஏலம் விட்டுச்சு, அது நிதியாச்சு. அதுக்குப் பேரு கூட...

— மாட்டுப் பேரு.

— பெர்தா நிதி. ஏன், அந்த மாடு இல்லைன்னா அந்த நிலமே கிடையாதே.

— நாப்பத்தி நாலு வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவ நான். என் பேரு உனக்குத் தோணல.

— உன் பேரை வச்சா ஊருக்குத் தெரிஞ்சுடாதா? பேரே வேண்டாம்னு முடிவு பண்ணினது யாரு? நீயும் நானும் இதே மேசையில உக்காந்துதானே பேசினோம்.

— ஆமா. பேசினோம். எதுக்காகப் பேசினோம்னு மட்டும் நேத்து மறந்துட்டே.

— மறக்கல.

— மறந்துட்டே டெல்வின். சிக்னிக்காக. நூறு வருஷமா இந்தப் படைக்கு ஆம்பளைங்கதான் தலைவனா இருந்தாங்க. போன வருஷ வசந்தத்துல நம்ம பொண்ணை ஓட்டுப் போட்டுத் தலைவியாக்கினாங்க. எத்தனை ஓட்டு வித்தியாசம்?

— ஒண்ணு.

— ஒண்ணே ஒண்ணு. தோத்தது யாரு? அந்த ஹார்லனோட பையன் கர்ட். அதுக்கப்புறம் பாதிப் பேரு பயிற்சிக்கே வரல. "முப்பது கிலோ குழாய்ச் சுருளைத் தூக்கத் தெரியாதவ"ன்னு பின்னாடி பேசினாங்க. அவ தூக்கினா. ரெண்டு தோள்லயும் போட்டுத் தூக்கினா. அப்படி வந்த பொண்ணுக்கு அவ அப்பன் வண்டி வாங்கிக் குடுத்தான்னு தெரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?

— அப்பன் காசுல தலைவி ஆனான்னு சொல்லும்.

— அப்ப வாயை மூடிக்கோ.

— மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்! அதுக்காக ஹார்லன் அந்தக் கும்பிடைப் போடணுமா? பையன் தோத்தான், அப்பன் வண்டி குடுத்தான்னு ஊரே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. "என்ன பெருந்தன்மை, தன் பையனைத் தோக்கடிச்ச பொண்ணுக்கே வண்டி வாங்கித் தர்றான் பாரு"ன்னு நேத்து என் பிளேட்டுல உருளைக்கிழங்கை வச்சுக்கிட்டே ஒருத்தி எங்கிட்ட சொல்றா. எங்கிட்ட! எனக்கு அந்த உருளைக்கிழங்கு இறங்கல.

— நாலு தின்னே. நான் பார்த்தேன்.

— கோவத்துல தின்னேன்.

— சரி, இப்ப மூவாயிரத்துக்கு என்ன வழி?

— நம்ம பாக்கெட்லேர்ந்துதான்.

— எந்தப் பாக்கெட்? என் அடுப்புக்குன்னு சேர்த்து வச்ச பாக்கெட்டா?

— வேற பாக்கெட் ஏது?

— தெரியும். மூணு வருஷமா ரெண்டு பர்னர்ல சமைக்கிறேன். ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணு அணையுது.

— கேட்டுக்கோ ஆர்லிஸ். மத்தியானம் புது வண்டியை ஸ்டேஷனுக்குள்ள கையால தள்ளி விடற நேரத்துல, ஊரே கூடியிருக்கும்ல, அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன? ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் எனக்கு நிம்மதி.

— உனக்கு நிம்மதி. சிக்னிக்கு? மத்தியானம் அவ அந்த வண்டியோட ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருப்பா. பின்னாடி ஊர்ல உள்ள அத்தனை பேரும் கையை வச்சுத் தள்ளுவாங்க, அந்தக் காலத்துல குதிரை வண்டியைத் தள்ளின மாதிரி. ஓட்டுப் போடாதவங்களும் தள்ளுவாங்க. அந்த நேரத்துல நீ வாயைத் திறந்தா அத்தனை கையும் வண்டியிலேர்ந்து எறங்கிடும்.

— அப்ப நான் வரவே இல்லை. வீட்டுல உக்காந்திருக்கேன். முழங்கால் வலின்னு சொல்லிடு.

— பொண்ணு முதல் வண்டி உள்ள போறதைப் பார்க்க மாட்டியா?

— ஹார்லனைக் கூட்டிட்டுப் போய் முன்சீட்டுல உக்கார வைப்பாங்களே, அதைப் பார்க்கணுமா நான்?

— அதை விடு. நீ ஒரு ஆசை கேட்டியே, அது பத்தலையா? அந்த முதல் படி.

— ஷ்ஷ்.

— இப்ப மட்டும் ஷ்ஷா? பழைய வண்டியில ஏற அவ நம்ம பால் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டு ஏறுவா. அஞ்சடிப் பொண்ணுக்கு அந்தப் படி இடுப்புக்கு வரும். அதைப் பார்த்துப் பசங்க சிரிப்பாங்க. நீ காசு குடுத்ததுல வேற ஒண்ணுமே கேக்கல. "முதல் படி தாழ்வா இருக்கட்டும்"னு மட்டும் ரோசலின்கிட்ட சொன்னே. எனக்கு அன்னிக்கு உன்னைக் கட்டிக்கிட்டது சரிதான்னு தோணுச்சு.

— அன்னிக்குத்தான் தோணுச்சா?

— அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை.

— யாருக்கும் தெரியாம செஞ்சேன்ல. எவனும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன்.

— கெட்டிக்காரன்தான். யாரோ வர்றாங்க. வண்டிக் கதவு சத்தம்.

— யாரு?

— அந்தப் பச்சைத் தொப்பி. ஹார்லன்.

— நான் இல்லைன்னு சொல்லு.

— ஜன்னல் வழியா உன்னைப் பார்த்துக் கையைக் காட்டறான். உள்ள வா ஹார்லன்! கதவு திறந்துதான் இருக்கு!

— காலை வணக்கம் ஆர்லிஸ். வணக்கம் டெல். அட, கேக்கை ஆரம்பிச்சுட்டீங்க போலிருக்கே.

— உன் பொண்டாட்டி சுட்டதுன்னு இப்பதான் தெரியும்.

— நிஜத்தைச் சொன்னா, எனக்கும் கையைத் தூக்கினப்புறம்தான் தெரியும். வீட்டுல ஓசியாத் திங்கிற கேக்குக்கு ரெண்டாயிரத்து தொள்ளாயிரம் வரைக்கும் போயிருக்கேன். நோர்மா வண்டியில வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்தப்புறம் பேசினா.

— உக்காரு ஹார்லன். காப்பி?

— குடு. உன் காப்பிக்காகத்தான் ஸ்கூல் டான்ஸுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனேன்னு நினைச்சுக்குவேன்.

— நாப்பத்தி ஆறு வருஷமா இதை ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருக்கான்.

— நீ கடுப்பாகறே டெல், அதான் சொல்றேன். சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த மூவாயிரத்துல பாதி நான் குடுக்கறேன். நான் ஏத்தினதாலதானே நீ மேல போனே.

— வேண்டாம்.

— டெல்...

— என் கேக்கு. என் காசு. உன் காசுல ஒரு நாணயம் கூட இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது.

— நிஜத்தைச் சொன்னா, ஏற்கெனவே தாண்டியிருக்கு. ஓடைக்கரை நிலத்தை அறக்கட்டளை ஏலம் விட்டப்ப வாங்கினது யாரு?

— நீதான் வாங்கினே. அதுக்கென்ன?

— அப்ப கணக்குப் பார்த்தா அந்தத் தீயணைப்பு வண்டிக்குக் காசு குடுத்தது நான்தானே? என் காசு அறக்கட்டளைக்குப் போச்சு, அங்கேர்ந்து வண்டிக்குப் போச்சு. நேத்து நான் எழுந்து நின்னப்ப இதை நினைச்சுக்கிட்டேன். கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

— என்ன சொன்னே?

— காப்பி நல்லா இருக்குன்னு சொன்னேன்.

— ஹார்லன். என்ன சொன்னே? நிலத்துக் காசு வண்டிக்குப் போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும் டெல். அது உன் வண்டின்னு எனக்குத் தெரியும்.

— ஆர்லிஸ்! நீ சொன்னியா?

— அட கடவுளே, நான் எதுக்குச் சொல்லப் போறேன்? இந்த ரெண்டு பர்னர் மேல சத்தியமாச் சொல்றேன், நான் இல்ல.

— அப்ப ரோசலின். அவளோட வேலையை நான்...

— ரோசலின் வாயைத் திறக்க மாட்டா, டெல். அவளை வம்புக்கு இழுக்காதே. இன்னொருத்தர் சொன்னாங்க. சொல்லிட்டு ஒரு உதவி கேட்டாங்க. எனக்கு அதுல மறுப்பு சொல்ல முடியல.

— என்ன உதவி?

— "நான் இல்ல நான் இல்ல"ன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, அதை நிறுத்துங்கன்னாங்க. நான் இல்லைன்னா ஊரு அடுத்து யாருன்னு தேடும். ஓடைக்கரை நிலத்தைச் சும்மா தூக்கிக் குடுத்த ஆளு யாருன்னு யோசிக்க அவங்களுக்கு எத்தனை நேரம் ஆகும்? அடுத்து அவங்க கண்ணு எங்க வந்து நிக்கும்?

— இந்த வீட்டு வாசல்ல.

— அதான். அப்புறம் உன் பொண்ணு கதி? நான் யோசிச்சேன். ஆமாங்கல. இல்லைன்னும் சொல்லல. பாதிரியார் என் பக்கம் திரும்பினதும் வேற வழி தெரியல. எழுந்து நின்னுட்டேன். டெல், இந்த அறுபத்தி நாலு வயசுல இப்படி வெக்கப்பட்டதே இல்ல. செய்யாத காரியத்துக்குக் கைதட்டு வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.

— செஞ்ச காரியத்துக்கு வாங்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.

— அது சரிதான்.

— ரெண்டு கிழங்களும் சேர்ந்து அழுதுடாதீங்க. நான் துண்டைத் தேடணும்.

— அதனாலதான் கேக்குக்கு அப்படி ஏத்தினேன், ஆர்லிஸ். கை தட்டினவங்களுக்கு நான் நிஜமாவே ஏதாவது குடுத்தாகணும்னு இருந்துச்சு. சும்மா அந்த மரியாதையை வாங்கிட்டுப் போக மனசு கேக்கல. பார்த்தா, எதிர்ல உக்காந்துக்கிட்டு இவன் விடமாட்டேங்கறான்.

— கர்ட்? உன் பையன்? அவனுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரியவும் வேண்டாம். நிஜத்தைச் சொன்னா, அவன்தான் இதுல ஆச்சரியம். அப்பன் குடுத்த வண்டின்னு நினைச்சுக்கிட்டு, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவனாவே போனான். அவன் போனதும் வராம இருந்த அத்தனை பேரும் போனாங்க. நேத்து காலையில பார்க்கறேன், உன் பொண்ணு சொல்லச் சொல்ல வண்டியோட சக்கரத்தைத் துடைச்சுக்கிட்டு இருக்கான். "யெஸ், சீஃப்"ங்கறான். என் பையன்! வீட்டுல ஒரு பிளேட்டைத் துடைக்கச் சொன்னா கேக்க மாட்டான்.

— "யெஸ், சீஃப்"னா சொன்னான்?

— ரெண்டு தடவை.

— கேட்டியா ஆர்லிஸ்? "யெஸ், சீஃப்"னு சொன்னானாம்.

— கேட்டேன். கண்ணைத் துடைச்சுக்கோ.

— புளிப்பு. கேக்குல ருபார்ப் அதிகமாயிடுச்சு.

— நீ இன்னும் கேக்கைத் தொடவே இல்ல.

— யாரு ஹார்லன் உங்கிட்ட சொன்னது? அதை மட்டும் சொல்லு. நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா? எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு தெரிஞ்சாகணும்.

— மாட்டேன். நீ பேர் சொல்லாம காசு குடுக்கலாம், நான் பேர் சொல்லாம வாயை மூடிக்கக் கூடாதா?

— இவன் என்னைக் கொல்லத்தான் வந்திருக்கான்.

— இன்னொரு விஷயத்துக்கும் வந்தேன். நோர்மா புது அடுப்பு வாங்கினதுலேர்ந்து பழசு கொட்டகையில கிடக்கு. நாலு பர்னரும் பளிச்சுன்னு எரியும். ஆர்லிஸ் அடுப்புக்காகக் காசு சேர்க்கறான்னு நோர்மா சொன்னா. சும்மா எடுத்துக்கோங்க. கேக்குக் காசைத்தான் நீ வாங்க மாட்டேங்கறியே.

— அடுப்பும் வேண்டாம்...

— டெல்வின், வாயை மூடு. ஹார்லன், திங்கக்கிழமை கொண்டு வந்து வச்சுடு. இடது பக்கத்து மூலையில.

— ஆச்சு. நீ என்னடா டெல், முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு?

— கேட்டுக்கோ ரெண்டு பேரும். நாப்பது ஏக்கரைக் குடுத்தப்ப எனக்கு வலிக்கல. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பெருமையா இருந்துச்சு. ஆனா இந்தக் கேக்குக்கு என் பேர்ல செக்கு எழுதறப்ப இங்க நெஞ்சுல வலிக்குது. அப்ப இதுதான் நான் குடுத்த நிஜமான தர்மம் போலிருக்கு.

— எழுது. பேனா டிராயர்ல இருக்கு.

— எழுதறேன். என் பேருதான், பெர்தா பேரு இல்ல. மூவாயிரம். ஒரு கேக்குக்காக.

— எழுந்து நின்னு எழுதறே.

— முழங்கால் வலி. உக்காந்து எழுத வரல.

— யாரோ வாசல்ல. இந்தத் தடவை பெரிய சத்தமா இருக்கு. டெல்வின், தெருவை அடைச்சுக்கிட்டு என்ன நிக்குதுன்னு பாரு! புது வண்டியையே கொண்டு வந்துட்டா!

— அம்மா, நல்ல வாசனை, ஆனா உக்கார நேரம் இல்ல. ரெண்டு மணிக்கு வண்டியைத் தள்ளறோம். ஒண்ணரைக்கு எல்லாரும் ஸ்டேஷன்ல இருக்கணும், சரியா? ஹார்லன் அங்கிள், நீங்க இங்கயா இருக்கீங்க? நோர்மா ஆன்ட்டி உங்களை ஊர் முழுக்கத் தேடறாங்க.

— வந்துட்டேம்மா, இதோ.

— சிக்னி, கண்ணு, இந்த யூனிஃபார்ம்ல நீ...

— அம்மா, அழுதா நேரம் ஆகும். அப்புறம் அழலாம், சரியா? அப்பா, நீங்க வர்றீங்க.

— முழங்கால் வலிக்குதும்மா.

— தள்ளறவங்களுக்கு முழங்கால் வேண்டாம், கை போதும். நீங்க பின்னாடி ஓரமா நிக்கணும். நான் கண்ணாடியில பார்த்தா உங்க முகம் தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.

— பின்னாடியே நிக்கறேன். முன்சீட்டுல ஹார்லன் உக்காரட்டும். அவரு உக்கார வேண்டிய இடம்தான் அது.

— டெல்...

— நீ சும்மா இரு ஹார்லன். பெரிய மனசு இல்லைன்னா எவன் இப்படிக் குடுப்பான்? ஊரு கை தட்டினது சரிதான். நானும் தட்டினேன். சத்தமா தட்டினேன். ஆர்லிஸ், தட்டினேன்ல?

— தட்டினே.

— இந்தா சிக்னி, கேக்குக்குண்டான செக்கு. படைக்குச் சேர்த்துக்கோ.

— நன்றி அப்பா. நானும் உங்களுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். வாசல்ல வச்சிருக்கேன் பாருங்க. உங்க பால் பெட்டி.

— இது எதுக்கு இங்க? உனக்கு வேண்டாமா?

— இனிமே வேண்டாம். புது வண்டியில முதல் படி எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மாவட்டத்துல எந்த வண்டியிலயும் அவ்வளவு தாழ்வாக் கிடையாது. கம்பெனிக்காரனைக் கேட்டேன். காசு குடுத்தவங்க கேட்டது அது ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னான்.

— ஓ. அப்படியா. அப்ப... அப்ப ஹார்லனுக்குத்தான் நன்றி சொல்லணும் நீ.

— சொல்லிட்டேன் அப்பா. வண்டி வந்த அன்னிக்கு அந்தப் படியில கால் வச்சதும் நேரா ஹார்லன் அங்கிள் வீட்டுக்குத்தான் போனேன். "எங்கப்பா பேரு வெளிய வந்துடக் கூடாது, நீங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க"ன்னு அவரைக் கேட்டுக்கிட்டது நான்தான்.